வண்டி தூக்கிப் போடும் இடம்

அந்த வீட்டில் மூன்று பேரும் காலை நாலரைக்கு எழுந்துவிடுவார்கள். ஆனால் ஐந்தேகால் வரை யாருக்கும் பேச்சு வராது. அதுவரை குழாயும் அடுப்பும்தான் பேசும். மனைவி உருளைக்கிழங்கை வேகவைத்து உரித்து, நாலு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, ரொட்டித் துண்டுகளோடு இரண்டு தூக்குகளில் அடைப்பாள். கணவன் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குள் காலைத் திணிப்பான். மழைக்காலத்தில் பூட்ஸ் காயாது. காயாத பூட்ஸைப் பார்த்து அவன் முணுமுணுப்பதை இங்கே எழுத முடியாது. அவனுடைய தங்கை, புருஷனோடு ஒத்துவராமல் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், நடு அறையில் துணி மூட்டைகளுக்கு இடையில் உட்கார்ந்து மூன்று தம்ளர் டீயை ஆற்றிக்கொண்டிருப்பாள். வந்து நாலு வருஷம் ஆகிறது.

ஐந்தரைக்கு, தண்டவாளம் பராமரிக்கும் கேங் ஆட்களின் லாரி ரயில்வே குடியிருப்பின் வாசலில் ஹாரன் அடிக்கும். அவன் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவான். இருபது வருஷமாக அதே தோள், அதே சுத்தியல். அதனால் குடியிருப்பில் அவனுக்குச் சுத்தியல் என்றே பெயர். மனைவியைச் சுத்தியல் வீட்டம்மா என்பார்கள்.

“நல்லவேளை, என்னை ஆணின்னு யாரும் சொல்லலை” என்பாள் தங்கை.

சுத்தியலின் வேலை நடப்பது. அறுபதாவது கிலோமீட்டர் கல்லிலிருந்து அறுபத்தாறாவது கல் வரை ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போய், மற்றதைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கும் கிளிப் கழன்றிருந்தால் தட்டி இறக்க வேண்டும். விரிசலும் சரிந்த ஜல்லியும் கண்ணில் பட வேண்டும். கடைசியில் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எதிரே ரயில் வந்தால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. பத்தடி தள்ளி நின்று, பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்து, சக்கரம் ஏறும்போது அடியிலுள்ள குறுக்குக்கட்டை அமுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் தண்டவாளம் லேசுப்பட்ட நடிகன் இல்லை. அடியில் ஜல்லி இறங்கி வெற்றிடம் விழுந்திருந்தாலும், கட்டையைத் தன்னோடு தொங்கவிட்டுக்கொண்டு நேராகத்தான் கிடக்கும். மேலே நடந்துபோகிற ஆளின் எடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ரயில் ஏறினால்தான் வேஷம் கலையும்.

அவன் மனைவி ஏழே முக்கால் பாசஞ்சரில் ஏறி, ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறவள். அந்த வண்டி சரியாக எட்டு ஐந்துக்கு அறுபத்து மூன்றாவது கிலோமீட்டரின் நாலாவது கம்பத்தைத் தாண்டும். அந்த நேரத்தில் அவன் அங்கே நிற்பான். கல்யாணமான புதிதில் அது தற்செயலாக நேர்ந்தது. பிறகு அவன் தன் நடையையே அதற்குத் தகுந்தபடி கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டான். மூன்றாவது பெட்டி, இடது பக்க ஜன்னல். அவள் கை உயரும், அவன் கொடி ஆடும். மொத்தம் இரண்டு விநாடி. பதினோரு வருஷமாக இது நடக்கிறது. வீட்டில் இரண்டு பேரும் ஒரு நாள்கூட இதைப் பற்றிப் பேசியதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் இவ்வளவு கொஞ்சலா என்று தங்கை கேலி செய்வாளோ என்று வெட்கம். தங்கைக்கு எல்லாம் எப்போதோ தெரியும் என்பது வேறு விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாசஞ்சரின் அடியில், சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில், சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு சென்சாரைத் திருகி வைத்தார்கள். வண்டி மேலும் கீழும் எவ்வளவு குதிக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது, அது எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் என்று எல்லாவற்றையும் அது குறித்து அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே அது திரையில் கோடாக ஓடும். அதுவரை விடுப்புக் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தவளை, கணக்கில் கெட்டி என்று சொல்லி அந்தக் கோட்டைப் படிக்க உட்காரவைத்தார்கள். பச்சைக் கோட்டை யாரும் பார்க்க வேண்டியதில்லை. சிவப்பு வந்தால் யாரையும் கேட்காமல் மணி அடித்துக்கொண்டு இன்ஜினியரிடம் போய்விடும். மஞ்சள்தான் அவள் பொறுப்பு. மூன்று நாள் தொடர்ந்து ஒரே இடம் மஞ்சளானால், அந்த மூன்று நாள் கோட்டையும் இணைத்து, அடுத்த திங்கள் மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் பழைய கோடுகளையும் சேர்க்கலாம் என்று படிவத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரியை அவள் இதுவரை சட்டை செய்ததில்லை.

மழை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்த ஒரு வியாழக்கிழமை, ஓர் இடம் மூன்றாவது நாளாக மஞ்சளானது. எந்த இடம் என்று பார்த்தாள். அறுபத்து மூன்று, நாலாவது கம்பம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் நிற்கிற இடத்திலேயேவா என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் ஏதோ உறுத்த, பழைய கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். போன மாதம் அதே இடத்தில் பச்சைக்குள் ஒரு மேடு. அதற்கு முந்தின மாதம் இன்னும் கொஞ்சம் சின்ன மேடு. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஓர் அரிசி அளவு. ஆறாவது மாதத்தில் ஒன்றும் இல்லை. மழை ஒரு வாரத்தில் செய்த வேலை இல்லை இது. ஐந்து மாதமாக நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்கும் இடம். அதன் பக்கத்தில் ஐந்து மாதமும் தினம் எட்டு ஐந்துக்கு ஓர் ஆள் கொடியோடு நின்று, நோட்டில் சரி என்று எழுதியிருக்கிறான். மற்ற வண்டிகள் வரும்போது அவன் வேறு கம்பத்தில் இருப்பான். அந்த இடத்தில் ரயில் ஏறுவதை அவன் பார்க்கிற ஒரே நேரம் அந்த எட்டு ஐந்துதான்.

அடுத்த மாதம் அவனுக்கு மேஸ்திரி பதவி வரவேண்டும். பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. மேஸ்திரியானால் தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் ஜல்லியில் நடக்க வேண்டாம், நின்று வேலை வாங்கினால் போதும். அவனுடைய இரண்டு முட்டியும் வீங்கி வருஷம் மூன்றாகிறது. இந்த ஐந்து மாதக் கோடு மேலே போனால், தினம் பார்த்தவன் எப்படி விட்டான் என்று கேட்பார்கள். பட்டியலில் பெயர் நிற்காது. மூன்று நாள் கோடு மட்டும் போனால் மழையின் மேல் பழி விழும், அதோடு சரி.

இதெல்லாம் அவளுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. விளங்காமல் கிடந்த இன்னொன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது விளங்கியது. முன்பெல்லாம் அவள் காலை வண்டியில் தூங்கமாட்டாள், அந்த இடம் போய்விடுமே என்று. இப்போது சில மாதங்களாக நிம்மதியாகத் தூங்குகிறாள், அந்த இடம் வந்ததும் வண்டியே லேசாகத் தூக்கிப் போட்டு எழுப்பிவிடுகிறது என்று. மனதுக்குள் அதற்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள். நாள் முழுக்க ரயிலின் குலுக்கலைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, தன்னையே தினம் தூக்கிப் போட்ட குலுக்கல் உறைக்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் தூங்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டு ஐந்துக்கு இருக்கை ஒரு பிடி கீழே போய் மேலே வந்தது. கண்ணைத் திறந்தாள். அவன் நின்றான், கொடி நீண்டிருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தாள். சட்டப்படி சக்கரத்தின் கீழே இருக்க வேண்டிய கண், அவள் முகத்தில் இருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவளால் கையை உயர்த்த முடியவில்லை.

அன்று சாயங்காலம் மழை விடவில்லை. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் முட்டி வரை காலை விட்டுக்கொண்டிருந்தான். தங்கை யாருக்கோ கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“என்னங்க, அறுபத்து மூணு நாலுல ஏதாவது பாத்தீங்களா?”

“அங்க என்னத்தப் பாக்குறது? உன்னத்தான் பாத்தேன்” என்றான் அவன், ஏதோ நல்ல மனநிலையில்.

தையல் மிஷின் நின்றுவிட்டது. “அய்யோ அண்ணே! பதினோரு வருஷம் கழிச்சு வாயத் தொறந்துட்டியே. இரு, நாள்காட்டியில குறிச்சு வைக்கிறேன்.”

அவள் சிரிக்கவில்லை. “அந்த எடம் மூணு நாளா மஞ்சள் காட்டுது” என்றாள்.

“மழை. ஒரு வாரமா ஊத்துதுல்ல, ஜல்லி கொஞ்சம் எறங்கியிருக்கும். அறிக்கைய அனுப்பு. நாங்க குத்திச் சரி பண்ணிடுவோம். இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“மழை இல்லீங்க. அஞ்சு மாசமா இருக்கு. பழசெல்லாம் எடுத்துப் பாத்தேன். கொஞ்சம் கொஞ்சமா வளந்துட்டே வருது.”

“அஞ்சு மாசமா? தெனம் நான் அது மேல நடக்குறேன்.”

“நடந்தா தெரியாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

“சரி, வண்டி வரும்போது நிக்கிறேன்ல?”

“நிக்கிறீங்க” என்றாள் அவள். பீன்ஸைப் பார்த்து நறுக்கினாள்.

அவன் வாளியிலிருந்து காலை எடுத்தான். தரையெல்லாம் தண்ணீர். “ஓ. அப்ப என்னை வேவு பாத்திருக்க. வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டு.”

“சென்சார் வண்டியில இருக்கு. வீட்ல இல்ல.”

“அதுக்கு என்ன தெரியும்? டிரைவர் பிரேக்க அழுத்தினாக்கூட அது குதிக்கும். இருபது வருஷமா இந்த லைன்ல நடக்குறேன், என்னைவிட அந்தச் சோப்புக்கட்டிக்கு அதிகமாத் தெரிஞ்சுபோச்சா?”

“அஞ்சு மாசமும் அதே கம்பத்துலயா பிரேக் அடிப்பாரு?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தங்கை மெதுவாக எழுந்து வந்து தரையைத் துடைத்தாள். “அண்ணி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஆபீஸ்ல எத்தன நாள் கோடு கேக்குறாங்க?”

“மூணு நாள்.”

“கேட்டதைக் குடுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லையே. கேக்காததை எதுக்கு நாமளா அள்ளிக் கொட்டணும்? அண்ணன் முட்டியப் பாத்தீங்கல்ல, ரெண்டும் பன்னு மாதிரி இருக்கு.”

“பாத்தேன். அதான் நேத்து ராத்திரி பூரா தூங்கலை” என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை வீட்டில் ஐந்தேகாலுக்கும் பேச்சு வரவில்லை. அவன் தூக்கை எடுத்துக்கொண்டு லாரி ஏறிவிட்டான். அவள் வண்டியில் விழித்தே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கம்பம் முன்னாலேயே அவன் தெரிந்தான். கொடியை நீட்டிக்கொண்டு, முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். வண்டி அவனைத் தாண்டியது. அடுத்து நாலாவது கம்பம் வந்தது. வண்டி தூக்கிப் போட்டது. ஜன்னலுக்கு வெளியே வெறும் புல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் என்னம்மா என்று கேட்டதற்குத் தூசி விழுந்துவிட்டது என்றாள். மழையில் எங்கிருந்து தூசி வரும் என்று அவர் யோசித்திருக்கக்கூடும்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நாளைக்குக் காலையில பைக்ல போவோம். நீயே வந்து பாரு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்.”

“சரிங்க.”

“குடை எடுத்துட்டுப் போகணும்” என்றாள் தங்கை. யாரிடம் சொன்னாள் என்பது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறல்தான். அன்று அந்த லைனில் நடக்கும் முறைக்காரரிடம் சொல்லிவிட்டு, கரை ஓரமாக பைக்கை நிறுத்தி ஏறினார்கள். அவளுக்கு அந்த இடத்தைத் தரையிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஜன்னலிலிருந்து பார்த்த இரண்டு விநாடி இடம், நேரில் சாதாரணமான ஒரு கம்பம், கொஞ்சம் புல், சேறு தட்டிக் கிடக்கும் ஒரு வடிகால், அவ்வளவுதான். ஜல்லி ஓரத்தில் இரண்டு பாதம் அளவுக்கு மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது.

“இது என்னங்க?”

“நான் நிக்கிற எடம்” என்றான் அவன். சொன்ன பிறகு அவனே அதை ஒரு தடவை பார்த்தான். “இங்க கல்லு கொஞ்சம் கலைஞ்ச மாதிரி இருக்கும். நான் தெனம் மிதிச்சுத்தான் அப்பிடின்னு நெனச்சிட்டேன்.”

அவன் முட்டி வலிக்கக் குனிந்து, தண்டவாளத்தில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். சுத்தியலால் ஒவ்வொரு கிளிப்பையும் தட்டினான். “பாத்தியா? ஒரு நூல் எறக்கம் இல்ல.”

“எட்டு அஞ்சு ஆகட்டுங்க.”

காத்திருந்தார்கள். அவள் தூக்கைத் திறந்து ரொட்டியைக் கொடுத்தாள். பாதி தின்று மீதியை வைத்துவிட்டான். தூரத்தில் விளக்குத் தெரிந்தது. அவன் பத்தடி தள்ளி, அந்தப் பாதப் பள்ளத்தில் போய் நின்றுகொண்டான். அவள் அவனுக்குப் பின்னால் குடையோடு நின்றாள். அவன் குனிந்து கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சின் வந்தது. நாலு கட்டைகள் இரண்டு விரற்கடை அளவுக்கு அமுங்கின. அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சிப் பக்கத்துக் கல்லில் தெறித்தது. சக்கரம் போனதும் கட்டைகள் ஒன்றும் தெரியாததுபோல் மேலே வந்தன. அடுத்த சக்கரம், மறுபடியும் அமுங்கல். முதல் பெட்டி போனது, இரண்டாவது போனது. மூன்றாவது பெட்டி வந்தபோது, கண்ணெதிரே அவ்வளவு பெரிய தப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அவன் தலை தானாக மேலே போயிற்று. இடது பக்க ஜன்னலில் யாரோ ஒருவர் சீப்பை வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். அவன் சட்டென்று தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

வண்டி போய்ச் சத்தம் அடங்குகிற வரைக்கும் அவன் நகரவில்லை. பிறகு ஈரப் புல்லிலேயே உட்கார்ந்தான்.

“நீ பாத்தியா?”

“பாத்தேங்க. ரெண்டு விரல் எறங்குது.”

“அதைச் சொல்லலை. மூணாவது பெட்டிக்கு என் தலை தூக்கினதைப் பாத்தியா? நீ இங்க என் முதுகுக்குப் பின்னாடி நிக்கிற. அது தெரிஞ்சும் தலை அங்க போகுது. எவனோ தலை வாரிட்டிருக்கான், அவனப் பாத்துப் பல்லக் காட்டிட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் கோணிக்கொண்டது.

“அஞ்சு மாசமா என் மூக்குக்கு முன்னாடி முங்கி முங்கி எந்திரிச்சிருக்கு. நான் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். சரி, சரி, சரி. நோட்டு பூரா சரி.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. “எனக்கும்தான் தெரிஞ்சிருக்கணும். அஞ்சு மாசமா இந்த எடம் என்னைத் தூக்கிப் போட்டு எழுப்புது. நீங்க வர்ற எடம் வந்துடுச்சுன்னு சந்தோஷமா எந்திரிச்சுக் கையக் காட்டிட்டு மறுபடியும் தூங்கிடுவேன். அலுவலகத்துல போய் ஊரான் குலுக்கலையெல்லாம் கணக்குப் பாக்குறேன்.”

“அப்ப ரெண்டு பேருமே கண்ணைத் தொறந்துட்டுத் தூங்கியிருக்கோம்.”

“ஆமாங்க.”

அவன் எழுந்துபோய், கட்டையின் ஓரத்து ஜல்லியைக் கையால் தோண்டினான். முழங்கை வரை விட்டு ஒரு பிடியை எடுத்துக் காட்டினான். கல் இல்லை, வெண்ணெய் மாதிரி சேறு.

“இங்க பாரு. வடிகால் எப்பவோ அடைச்சுப்போச்சு. தண்ணி போக வழியில்லாம அடியிலயே ஊறிக் கெடக்கு. இதுதான் காரணம். மழைன்னு சொன்னா மேலாப்புல ஜல்லியக் குத்தி மட்டம் பண்ணிட்டுப் போயிடுவோம். நாங்களே அப்பிடித்தான் பண்ணுவோம். ரெண்டு மாசத்துல மறுபடியும் எறங்கும். எக்ஸ்பிரஸ் இது மேல நூத்துப் பத்துல போகுது.”

“அஞ்சு மாசக் கோட்டைக் காட்டினா தோண்டுவாங்களா?”

“தோண்டித்தான் ஆகணும். ஒரு மழையில ஆனது இல்லன்னு அதுல தெரியுதுல்ல. அஞ்சு மாசத்தையும் போட்டு அனுப்பு.”

“உங்க முட்டி?”

“முட்டி என்னோடது. ரயில்ல போறவங்க அதுக்கு என்ன பண்ணுவாங்க?”

அவள் அவன் கையைப் பிடித்து, பாட்டிலிலிருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். கழுவும்போது அவன் கேட்டான். “ஒண்ணு சொல்லு. நான் சொல்லலைன்னா நீ மூணு நாள் மட்டும்தான் போட்டிருப்பியா?”

“தெரியலங்க” என்றாள் அவள். “நேத்து ராத்திரி மூணு நாள்னு முடிவு பண்ணினேன். காலையில அஞ்சு மாசம்னு முடிவு பண்ணினேன். திங்கக்கெழம என்ன பண்ணியிருப்பேன்னு சத்தியமாத் தெரியல.”

திங்கட்கிழமை காலை அவன் நோட்டில் எழுதினான்: ‘63/4ல் நாலு கட்டைகள் தொங்குகின்றன. அடியில் சேறு. ரயில் போகும்போது நான் சரியாகப் பார்க்கவில்லை.’ அவள் பத்தரை மணிக்கு ஐந்து மாதக் கோட்டையும் இணைத்து அனுப்பினாள்.

இன்ஜினியர் மறுநாளே வந்து பார்த்தார். கெடுபிடி இல்லாத மனிதர், ஆனால் எதையும் எழுதாமல் விடமாட்டார். சேற்றைப் பார்த்துவிட்டுச் சுத்தியலைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இத்தனை நாள் எப்படிங்க கண்ணுல படாமப் போச்சு?”

“கண்ணு வேற எடத்துல இருந்துச்சு சார்.”

“எங்க?”

“கொஞ்சம் மேல சார்.”

இன்ஜினியருக்கு அது புரியவில்லை. கவனக் குறைவு என்று எழுதிக்கொண்டார். “அறிக்கை ரொம்பத் தெளிவா இருந்துச்சு. அனுப்பினவங்களை உங்களுக்குத் தெரியுமா?”

“எங்க வீட்டம்மாதான் சார்.”

இன்ஜினியர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் எழுதியது எழுதியதுதான். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் மேஸ்திரியானார். அவனுக்கு இனி இரண்டு வருஷம் கழித்துத்தான். கடிதத்தைத் தங்கை வாங்கிப் படித்தாள். மிச்சத் துணியில் பஞ்சை வைத்து இரண்டு முட்டிக்கும் இரண்டு உறை தைத்துக் கொடுத்தாள். ஒன்று நீலம், ஒன்று பூப்போட்டது.

வேலை முடிகிற வரைக்கும் அந்த இடத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று மஞ்சள் பலகை நட்டார்கள். பன்னிரண்டு நாள் பாசஞ்சர் அங்கே ஊர்ந்து போயிற்று. பயணிகள் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டினார்கள். கேங் ஆட்கள் வடிகாலைத் திறந்து, சேற்றைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டி, புது ஜல்லி போட்டுக் குத்தினார்கள். சுத்தியலும் அவர்களோடு சேற்றில் நின்றான். இரண்டு விநாடிப் பார்வை அரை நிமிஷமாக நீண்டபோது இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவாள். அவன் சுத்தமாக இருக்கும் கொடியைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

பதின்மூன்றாம் நாள் பலகையை எடுத்துவிட்டார்கள். அன்று காலை அவள் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டி முழு வேகத்தில் போயிற்று. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. இனி எழுப்பிவிட யாரும் இல்லை என்று கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். நாலாவது கம்பம் வந்தது. இருக்கை அசையவில்லை. மடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில்கூட ஒரு சலனம் இல்லை.

அவன் நின்றான். கொடி நீண்டிருந்தது. முட்டியில் ஒரு நீலம், ஒரு பூப்போட்டது. தலை நன்றாகக் குனிந்திருந்தது, கண் சக்கரத்தின் கீழே. மூன்றாவது பெட்டி நெருங்கியபோது அந்தத் தலை ஒரு தடவை துடித்ததை அவள் பார்த்தாள். ஆனால் நிமிரவில்லை. பதினோரு வருஷமாக முகத்தை மட்டுமே பார்த்த இடத்தில், அன்றுதான் அவனுடைய உச்சந்தலையைப் பார்த்தாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டி வழுக்கையாகியிருந்தது. எப்போது இப்படியானது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதையும் பார்க்காமல் விட்டிருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அவள் கையை உயர்த்தினாள். அவன் அதைப் பார்த்திருக்க முடியாது. குனிந்த தலை குனிந்தபடியே, கொடிக் கம்பைப் பிடித்திருந்த கையிலிருந்து இரண்டு விரல் மட்டும் மேலே எழுந்து அசைந்தது.